ராடுகானு முதல் 20-க்குள் வருவாரா? வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் மகளிர் டென்னிஸ் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எம்மா ராடுகானுவைச் சுற்றியே இருந்தன. 2025 சீசன் கணக்கை அடிப்படையாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 2025-ஐ உலகத் தரவரிசையில் 29-வது இடத்தில் முடித்தார் ராடுகானு. முதல் 20-க்குள் வர இன்னும் எத்தனை புள்ளி வேண்டும்? அது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியம்தான். அதற்கு இன்னொரு கிராண்ட் ஸ்லாம் கோப்பைகூடத் தேவையில்லை. சீசன் முடிவில் அவர் கையில் இருந்தது 1,563 புள்ளி. பொதுவாக 2,000 புள்ளியை ஒட்டி இருப்பவர்கள் முதல் 20-ன் வாசலில் நிற்பார்கள். முதல் 10 என்றால் 3,000-க்கும் மேல் வேண்டும். ஆக, சுமார் 450 புள்ளி குறைகிறது.

இந்த 1,563 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி தெரியும். ஆஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன், யு.எஸ். ஓபன் மூன்றிலும் மூன்றாவது சுற்றில் தோற்றார். தலா 130 புள்ளி. பிரெஞ்சு ஓபனில் இரண்டாவது சுற்று, 70 புள்ளி. நான்கு கிராண்ட் ஸ்லாமும் சேர்ந்து 460. இதோடு மியாமி கால் இறுதி 215, வாஷிங்டன் அரையிறுதி 195, ரோம் நான்காவது சுற்று 120, லண்டன் குயின்ஸ் கிளப் கால் இறுதி 108. இந்த எட்டுப் போட்டிகளிலேயே 1,098 வந்துவிடுகிறது. தரவரிசைக்குக் கணக்கில் வரும் 18 போட்டிகளில் மீதிப் பத்திலும் சேர்த்து 465தான்.

இப்போது ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு சுற்று கூடுதலாகப் போனதாக வையுங்கள். மூன்று கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றாவது சுற்றுக்குப் பதில் நான்காவது சுற்று என்றால் 130 இடத்தில் 240 கிடைக்கும். அதில் மட்டும் 330 கூடுதல். பிரெஞ்சு ஓபனில் மூன்றாவது சுற்று என்றால் இன்னும் 60. செப்டம்பர், அக்டோபர் ஆசியப் பயணத்தில் கைநழுவிய இரண்டு ஆட்டங்களை அடுத்த கேள்வியில் சொல்கிறோம். அவற்றின் மதிப்பு 103. எல்லாம் சேர்ந்தால் 2,056. கோப்பை இல்லை, இறுதி ஆட்டம் இல்லை, கிராண்ட் ஸ்லாம் கால் இறுதிகூட இல்லை. ஆனாலும் முதல் 20-ஐத் தொட்டுவிடலாம். இதனால்தான் அவரைப் பற்றி "எப்போது அடுத்த கோப்பை" என்று கேட்பதைவிட "எப்போது நான்காவது சுற்று வழக்கமாகும்" என்று கேட்பதே சரி என்று நினைக்கிறோம்.

கேள்வி: சியோலிலும் பெய்ஜிங்கிலும் வெற்றிப் புள்ளி வரை வந்து தோற்றாரே, அதை ஃபார்ம் இழப்பு என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல மாட்டோம். சியோலில் இரண்டாவது சுற்றில் பார்போரா கிரெய்ச்சிகோவாவுக்கு எதிராக மூன்று மேட்ச் பாயின்ட் கிடைத்தது. முடிவு 4-6, 7-6, 6-1 என்று கிரெய்ச்சிகோவா பக்கம் போனது. பெய்ஜிங்கில் மூன்றாவது சுற்றில் ஜெசிகா பெகுலாவுக்கு எதிராகவும் மூன்று மேட்ச் பாயின்ட். அங்கே 3-6, 7-6, 6-0. விம்பிள்டன் முன்னாள் சாம்பியனையும் முதல் 10-ல் இருக்கும் ஒருவரையும் அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்கே நல்ல ஃபார்ம் வேண்டும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஆட்டத்திலும் மூன்றாவது செட்டைப் பாருங்கள்: 1-6, 0-6. இரண்டாவது செட் டை பிரேக்கில் (6-6 என்று சமமானால் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) போன பிறகு எதிர்த்து நிற்க ஆளே இல்லை. மனச்சோர்வு ஒரு காரணம் என்றால், உடம்பில் மிச்சம் இல்லாதது இன்னொரு காரணம். அடுத்து வூஹானில் ஆன் லீயிடம் 1-6, 1-4 என்று பின்தங்கியிருந்தபோது வெப்பத்தில் தலைசுற்றி ஆட்டத்திலிருந்து விலகினார். நிங்போவில் ஜு லின்னுக்கு எதிராக முதல் செட்டை வென்றும் 3-6, 6-4, 6-1 என்று தோற்றார். அங்கேயும் கடைசி செட் அதே கதைதான். அத்தோடு சீசனை முடித்துக்கொண்டார்.

புள்ளிக் கணக்கு: சியோல் 500 வகைப் போட்டி, அதாவது கோப்பை வெல்பவருக்கு 500 புள்ளி. அங்கே கால் இறுதிக்குப் போயிருந்தால் 60-க்குப் பதில் 108. பெய்ஜிங் 1000 வகை. நான்காவது சுற்றுக்குப் போயிருந்தால் 65-க்குப் பதில் 120. 48-ம் 55-ம் சேர்ந்து 103.

கேள்வி: கிராண்ட் ஸ்லாம்களில் எப்போதும் பெரிய ஆட்களிடமே மாட்டிக்கொள்கிறாரே. டிரா அவருக்கு மட்டும் ஏன் இப்படி அமைகிறது?

பதில்: டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில், சதி எதுவும் இல்லை. சீடிங் (தரவரிசையில் முன்னணியில் இருப்பவர்களைத் தொடக்கச் சுற்றுகளில் மோதவிடாமல் பிரித்து வைக்கும் வரிசை எண்) இல்லாததன் விலை அது. 2025-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் அவருக்கு சீடிங் இல்லை. ஆஸ்திரேலியாவில் மூன்றாவது சுற்றில் இகா ஸ்வியாடெக், பாரிசில் இரண்டாவது சுற்றிலேயே மறுபடி ஸ்வியாடெக், விம்பிள்டனில் மூன்றாவது சுற்றில் அரினா சபலென்கா, நியூயார்க்கில் மூன்றாவது சுற்றில் எலினா ரிபாகினா. நான்கிலும் அவரை வெளியேற்றியவர்கள் கிராண்ட் ஸ்லாம் சாம்பியன்கள்.

முறை இப்படி: 128 பேர் கொண்ட டிராவில் 32 பேருக்கு சீடிங். இவர்கள் மூன்றாவது சுற்றுக்கு முன் ஒருவரையொருவர் சந்திக்க மாட்டார்கள். மூன்றாவது சுற்றில் 25 முதல் 32 வரை சீடிங் உள்ளவர்கள் முதல் 8 பேருக்கு எதிரே வைக்கப்படுவார்கள். 17 முதல் 24 வரை உள்ளவர்கள் 9 முதல் 16 வரை உள்ளவர்களுக்கு எதிரே வருவார்கள். எதிராளி சீடிங் இல்லாத ஒருவரிடம் தோற்றிருந்தால் மட்டுமே இது மாறும்.

இதில் ரசிகர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. 29-வது இடத்தில் இருந்தால் சீடிங் கிடைக்கும், உண்மைதான். முதல் இரண்டு சுற்றில் ஸ்வியாடெக் வர மாட்டார். ஆனால் மூன்றாவது சுற்றில் வரக்கூடும். 24-வது இடத்துக்கு ஏறினால்தான் மூன்றாவது சுற்றில் முதல் 8 பேரின் தொல்லை நீங்கும். 29-லிருந்து 24-க்கு ஏறுவது பட்டியலில் ஐந்து இடம்தான், ஆனால் நான்காவது சுற்றுக்கான வாய்ப்பில் அது மிகப்பெரிய வித்தியாசம். அவருடைய குழு குறிவைக்க வேண்டிய முதல் எண் 20 அல்ல, 24.

சீடிங் இன்னொரு விதத்திலும் உதவும். 96 பேர் ஆடும் 1000 வகைப் போட்டிகளில் சீடிங் உள்ள 32 பேருக்கும் முதல் சுற்று 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. பெய்ஜிங்கில் அவருக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரே எச்சரிக்கை: பை வாங்கி நேராக இரண்டாவது சுற்றில் ஆடி, அங்கேயே தோற்றால் முதல் சுற்றுக்கான 10 புள்ளிதான் கிடைக்கும்.

கேள்வி: ஸ்வியாடெக்கிடம் ஒரு செட்கூட எடுக்க முடியவில்லை. ஆனால் சபலென்காவை நடுங்க வைக்கிறார். இது எப்படி?

பதில்: இந்தக் கேள்விக்குள்தான் ராடுகானுவின் ஆட்டமே இருக்கிறது.

2025 விம்பிள்டனில் சபலென்கா 7-6, 6-4 என்று வென்றார். ஆனால் முதல் செட்டில் ராடுகானுவுக்கு செட் பாயின்ட் இருந்தது. இரண்டாவது செட்டில் அவர் 4-1 என்று முன்னிலையில் இருந்தார். சின்சினாட்டியில் 7-6, 4-6, 7-6, மூன்று மணி நேரத்துக்கும் மேலான ஆட்டம். எதிரே நின்றது உலகின் முதல்நிலை வீராங்கனை.

சபலென்கா பந்தைத் தட்டையாக, வேகமாக அடிப்பவர். அது ராடுகானுவின் இடுப்பு உயரத்துக்கு வரும். பேஸ்லைனை (மைதானத்தின் பின்கோடு) ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே எடுத்து, வந்த வேகத்தையே திருப்பிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. இரண்டு கைப் பேக்ஹேண்டில் அதை நேர்கோட்டில் திருப்பும்போது எதிராளிக்கு நேரமே இருக்காது.

ஸ்வியாடெக்கின் ஃபோர்ஹேண்ட் அப்படியல்ல. அதிகச் சுழற்சியோடு தோள் உயரத்துக்கு எழும்பும். அந்தப் பந்தில் கடன் வாங்க வேகம் இல்லை. வேகத்தை ராடுகானுவே உண்டாக்க வேண்டும். அவர் பின்வாங்கினால் ஆட்டம் ஸ்வியாடெக் விரும்பும் இடத்துக்குப் போய்விடும். பின்வாங்காமல் எழும்பும்போதே அடித்தால் நேரக்கணிப்பு மயிரிழை தவறினாலும் பந்து வெளியே. ஆஸ்திரேலியாவில் 6-1, 6-0, பாரிசில் 6-1, 6-2.

ரிபாகினா விஷயம் தனி. யு.எஸ். ஓபனில் 6-1, 6-2 என்று தோற்றதற்குக் காரணம் சர்வீஸ். ராடுகானுவின் பெரிய ஆயுதம் ரிட்டர்ன், அதாவது எதிராளியின் சர்வீஸைத் திருப்பி அடிப்பது. அதைத் தொட விடாத சர்வீஸ் வந்தால் ஆயுதம் உறையிலேயே கிடக்கும்.

கேள்வி: அவருடைய ஆட்டத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது எது?

பதில்: இரண்டாவது சர்வீஸ். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மகளிர் ஆட்டத்தில் இரண்டாவது சர்வீஸில் பாதிக்கும் குறைவான புள்ளிகளையே பெரும்பாலானோர் வெல்கிறார்கள். அது எல்லோருக்கும் உள்ள நிலை. ராடுகானுவுக்கு என்ன நடக்கிறது என்றால், பந்து சர்வீஸ் பெட்டியின் நடுவில், ஆழமில்லாமல் விழுகிறது. அப்போது எதிராளி பேஸ்லைனுக்கு உள்ளே ஓர் அடி வைத்து முதல் அடியிலேயே மூலைக்கு அனுப்பிவிடுவார். பிறகு அந்தப் புள்ளி முழுக்கத் துரத்தல்தான். அந்த பயத்தில் இரண்டாவது சர்வீஸை ஓங்கி அடிக்கப் போனால் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வீஸும் தவறி எதிராளிக்குப் புள்ளி. அதற்கும் பயந்தால் முதல் சர்வீஸின் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். ஒரு பலவீனம் இப்படி மூன்றாகப் பெருகும்.

மருந்து வேகம் இல்லை. சுழற்சியும் இடமும். முதலாவது, எதிராளியின் உடம்பை நோக்கி அனுப்புவது. அங்கே வரும் பந்தைக் கை நீட்டி அடிக்க முடியாது. இரண்டாவது, அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து (சர்வீஸ் போடுபவரின் இடப்பாதி) வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டுக்கு உயர எழும்பும் கிக் சர்வீஸ். இதற்குப் பந்தைத் தலைக்கு மேலே, சற்று இடப்பக்கம் தூக்கி, கீழிருந்து மேலாக வருட வேண்டும். சிக்கல் என்னவென்றால் முதுகு வளைந்து சுமை அங்கே இறங்கும். முதுகுத் தொல்லை உள்ளவருக்கு இதைத் தினமும் நூறு தடவை பயிற்சி கொடுக்க எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார். அதனால் டியூஸ் பக்கத்திலிருந்து (வலப்பாதி) வெளியே வளைந்து போகும் ஸ்லைஸும், உடம்பை நோக்கிய சர்வீஸும்தான் சீக்கிரம் பலன் தரும். ஃபோர்ஹேண்ட் திருத்தத்தை அதற்கு அடுத்த இடத்தில் வைப்போம்.

கேள்வி: 2021-ல் யு.எஸ். ஓபன் வென்றவர் அடுத்த ஆண்டே 83-வது இடத்துக்குப் போனது எப்படி? அவ்வளவு மோசமாகவா ஆடினார்?

பதில்: தரவரிசை என்பது கடந்த 52 வாரக் கணக்கு. எந்த வாரம் புள்ளி சேர்ந்ததோ, அடுத்த ஆண்டு அதே போட்டியின்போது அது கழிந்துவிடும்.

2021-ல் 150-வது இடத்திலிருந்து தகுதிச்சுற்று ஆடினார். தகுதிச்சுற்றில் மூன்று, பிரதான சுற்றில் ஏழு, ஆகப் பத்து ஆட்டங்கள், ஒரு செட்கூட இழக்கவில்லை. இறுதியில் லெய்லா பெர்னாண்டசை 6-4, 6-3 என்று வென்றார். தகுதிச்சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் வென்றவர், ஆண்கள் பெண்கள் இருபாலரிலும், தொழில்முறை வீரர்களையும் அனுமதித்த 1968-க்குப் பிந்தைய ஓபன் காலத்தில் அதற்கு முன் எவரும் இல்லை. 1977-ல் விம்பிள்டன் வென்ற வர்ஜீனியா வேடுக்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற பிரிட்டன் பெண்ணும் அவர்தான். கோப்பைக்கு 2,000, தகுதிச்சுற்றுக்கு 40, ஆக 2,040 புள்ளி. ஒரே தாவலில் 23-வது இடம். 2022 ஜூலையில் 10-வது இடம். இன்றுவரை அவருடைய உச்சம் அதுதான்.

2022 யு.எஸ். ஓபனில் முதல் சுற்றிலேயே அலிசே கார்னேயிடம் தோற்றார். கிடைத்தது 10. ஒரே நாளில் 2,030 புள்ளி போனது, 11-லிருந்து 83. மீதி 50 வாரத்திலும் சேர்த்தது குறைவாக இருந்ததால்தான் சரிவு இவ்வளவு ஆழமானது. 1,563-ஐ நாங்கள் மதிப்பதற்குக் காரணமும் இதுவே. அதில் ஒரே போட்டியில் எடுத்த அதிகபட்சம் 215. எந்த ஒரு வாரம் கெட்டாலும் கட்டடம் சரியாது.

கேள்வி: வாரா வாரம் அவர் எத்தனையாவது இடத்துக்கு வருவார் என்று நாமே கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். இப்போதைய மொத்தத்திலிருந்து, போன ஆண்டு அதே வாரத்தில் எடுத்த புள்ளியைக் கழியுங்கள். புதிதாக எடுத்ததைக் கூட்டுங்கள். பலர் தவறுவது அடுத்த படியில். ஒற்றையர் தரவரிசைக்குச் சிறந்த 18 போட்டிகள்தான் கணக்கு. ஏற்கெனவே 18 நிரம்பியிருந்தால் புதிய புள்ளி முழுதாகச் சேராது. பட்டியலின் அடியில் இருக்கும் முடிவை வெளியே தள்ளிவிட்டுத்தான் உள்ளே வரும். அடியில் 30 இருக்க, புதிதாக 54 எடுத்தால் லாபம் 24 மட்டுமே. கிராண்ட் ஸ்லாம்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே முதல் சுற்றில் தோற்ற 10 புள்ளியும் 18-ல் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ராடுகானுவின் நாட்காட்டியில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆஸ்திரேலிய ஓபனின் 130-க்கும் மார்ச் மாத மியாமியின் 215-க்கும் நடுவே துபாயின் 65 தவிர காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை. யு.எஸ். ஓபனுக்குப் பிறகு சியோல் 60, பெய்ஜிங் 65, அவ்வளவே. ஏற வேண்டுமானால் பிப்ரவரியும் இலையுதிர் கால ஆசியப் போட்டிகளும்தான் இடம். மியாமியிலும் ஜூலை மாத வாஷிங்டனிலும் சறுக்கினால் 410 புள்ளிக்கு ஆபத்து.

கேள்வி: 2023-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 2024-ல் நேரடியாகப் பெரிய போட்டிகளில் ஆடியது எப்படி?

பதில்: 2023 மே மாதம் இரண்டு மணிக்கட்டிலும் இடது கணுக்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. 2024 ஜனவரியில் ஆக்லாந்தில் திரும்பியபோது அவர் 301-வது இடத்தில் இருந்தார். காயத்தால் நீண்டகாலம் விலகுபவர்களுக்குச் சிறப்புத் தரவரிசை உண்டு. அவருக்கு அது 103. அதை வைத்து ஆஸ்திரேலிய ஓபனுக்குள் வந்தார். இந்தச் சலுகை நுழைவதற்கு மட்டுமே. சீடிங்குக்கு உதவாது, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளோடு தீர்ந்துவிடும்.

கேள்வி: இத்தனை பயிற்சியாளர்களை மாற்றுவது அவர் தரவரிசையைக் கெடுக்கவில்லையா?

பதில்: 2021 விம்பிள்டனில் நைஜல் சியர்ஸ், யு.எஸ். ஓபனில் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன், பிறகு டோர்பென் பெல்ட்ஸ், டிமித்ரி டுர்சுனோவ், செபாஸ்டியன் சாக்ஸ், நிக் கேவடே, சில நாட்களே நீடித்த விளாடிமிர் பிளாட்டெனிக், மார்க் பெட்சி, 2025 ஆகஸ்டில் ரஃபேல் நடாலின் குழுவில் நீண்டகாலம் இருந்த பிரான்சிஸ்கோ ரொய்க். பட்டியல் நீளம்தான். ஆனால் எல்லாம் அவர் விருப்பத்தால் நடந்தவை அல்ல. கேவடே உடல்நலக் காரணத்தால் விலகினார்.

கெடுதல் எங்கே என்றால், சர்வீஸ் போன்ற அடிப்படை மாற்றம் கைகூட மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரங்கள் முடிவுகள் மோசமாகவே இருக்கும். பாதியில் ஆள் மாறினால் பழையதும் போய் புதியதும் வராமல் நிற்கும். 2025-ல் அவருடைய ஆட்டம் தெளிவாக முன்னேறியது பெட்சியோடு இருந்த மாதங்களில். மியாமி, ரோம், விம்பிள்டன், வாஷிங்டன் எல்லாம் அப்போது வந்தவை. ஒருவரோடு முழு சீசன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

கேள்வி: மற்ற பிரிட்டன் வீராங்கனைகளான கேட்டி போல்ட்டர், சோனாய் கார்ட்டல் இருவரில் யாராவது ராடுகானுவைத் தாண்டுவார்களா?

பதில்: போல்ட்டர் 2024 நவம்பரில் 23-வது இடம் வரை போனவர். அந்த ஆண்டு சான் டியாகோவில் 500, நாட்டிங்ஹாமில் 250 என்று இரண்டு கோப்பைகளின் புள்ளி இருந்தது. 2025-ல் இரண்டும் கழிந்தன, ஈடு வரவில்லை. ஜூனில் பிரிட்டன் முதலிடம் ராடுகானுவிடம் போனது. விம்பிள்டனில் பவுலா படோசாவை வென்றுவிட்டு அடுத்த சுற்றில் சோலானா சியேராவிடம் தோற்றது இன்னும் வலிக்கிறது. முதல் சர்வீஸும் ஃபோர்ஹேண்டும் இருக்கும்வரை அவர் திரும்பி ஏறுவார், ஆனால் 250 வகைப் போட்டிகளில் நிறைய ஆட்டங்கள் ஜெயித்தாக வேண்டும்.

கார்ட்டலைத்தான் நாங்கள் கூர்ந்து பார்க்கிறோம். 2025 விம்பிள்டனில் நான்காவது சுற்று, பெய்ஜிங்கில் மிர்ரா ஆண்ட்ரீவாவை வென்று கால் இறுதி. உயரம் குறைவு, பெரிய சர்வீஸ் இல்லை. பந்தைத் திரும்பத் திரும்ப உள்ளே வைத்து, சுழற்சியால் எதிராளியை நகர்த்தி, பொறுமை இழக்க வைப்பார். இந்த ஆட்டம் வாரா வாரம் புள்ளி சேர்க்கும். முதல் 30-க்கு வருவது அவருக்கு எட்டாத தூரம் அல்ல.

கேள்வி: பிரிட்டன் முன்னாள் வீராங்கனை ஜோஹன்னா கோண்டாவின் 4-வது இடத்தை ராடுகானு எட்டுவாரா?

பதில்: கோண்டா 2017 ஜூலையில் அங்கே போனபோது மியாமி கோப்பையும் விம்பிள்டன் அரையிறுதியும் ஒரே 52 வாரத்துக்குள் இருந்தன. அவை மட்டுமே 1,780 புள்ளி. ராடுகானுவின் 2025 மொத்தத்தையே அது தாண்டுகிறது. முதலில் 24.